"உடைந்தால் நாங்கள் பொறுப்பல்ல": பழைய பியானோவும் லாரி ரசீதும்

2025 ஜனவரி 19. கேள்வி, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர்

எங்கள் மாமனார் வாங்கி வைத்த அப்ரைட் பியானோ ஒன்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக முன்கூடத்தில் நிற்கிறது. பெங்களூரில் இருக்கும் மகள் இப்போது அதைக் கேட்கிறாள். பார்சல் லாரி ஆபீசில் விசாரித்தால், "உடைந்தால் நாங்கள் பொறுப்பல்ல, ரசீதிலேயே அச்சடித்திருக்கிறது" என்கிறார்கள். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர் ஒருவர், பொருளின் மதிப்பில் 3 விழுக்காடு கட்டினால் இன்சூரன்ஸ் உண்டு என்கிறார். ரசீதில் அச்சடித்துவிட்டால் உண்மையிலேயே அவர்களுக்குப் பொறுப்பு கிடையாதா?

ஜனவரி 19, இரவு. பதில்

அந்த அச்சு வரி அவர்களை முழுவதும் விடுவித்துவிடாது, அம்மா. 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டுக் கொண்டுவரப்பட்ட 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவின்படி, ஒப்படைத்த சரக்கு வழியில் தொலைந்தாலும் சேதமடைந்தாலும் பொதுச் சரக்குப் போக்குவரத்தாளரே, அதாவது யார் சரக்கு கொடுத்தாலும் ஏற்றிச்செல்லும் தொழில் நடத்துபவரே, பொறுப்பு. இயற்கைச் சீற்றம், போர், கலவரம், சட்டப்படியான பறிமுதல், அரசின் தடை ஆகிய சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. 12ஆம் பிரிவு இன்னும் நமக்கு ஆதரவானது: அவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று வழக்குத் தொடுப்பவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

'ஓனர்ஸ் ரிஸ்க்', அதாவது 'இடர் உடைமையாளருக்கே', என்று ரசீதில் முத்திரை குத்துவது நெடுநாள் வழக்கம். நாத் பிரதர்ஸ் எக்ஸிம் வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம், அந்தச் சொற்கள் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பிலிருந்து போக்குவரத்தாளரைக் காப்பாற்றாது என்று சொல்லிவிட்டது. ஆகவே லாரி ஆபீஸ் மேசையில் அந்த வரியைக் காட்டும்போது மனம் தளர வேண்டாம்.

பொறுப்பு இருக்கிறதா என்பதைவிட, அந்தப் பொறுப்பு எத்தனை ரூபாய் வரைக்கும் என்பதுதான் உங்களைப் பாதிக்கும் கேள்வி. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 20

என் தாய்மாமா புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். அவரிடம் இருந்தது தோளில் தூக்கிப் போகும் கைப்பெட்டி அன்று. மேசைபோல் நிற்கும் கால் ஆர்மோனியம், ஏறத்தாழ 90 கிலோ. இரண்டு மிதிகளும் மாறி மாறி இயங்கித் துருத்திக்குக் காற்றுத் தரும். முகப்பில் இருந்த பித்தளைத் தகட்டில் தேய்ந்தது போக 'பாரி' என்ற அளவுக்கு எழுத்துகள் மிஞ்சியிருந்தன. பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் தெபேன் 1842இல் காப்புரிமை பெற்ற வாத்தியத்தின் வழிவந்த பெட்டி அது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தது புதுச்சேரியில்தான். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அந்த ஊரில் இந்தப் பெட்டி இருக்கட்டும் என்பது மாமாவின் விருப்பம். அவர் காலமான பிறகு, 2022 ஜூன் 8 அன்று, புதுக்கோட்டையில் ஒரு பார்சல் லாரி ஆபீசில் அதைப் பதிவு செய்தேன்.

புக்கிங் எழுத்தர் மதிப்பு கேட்டார். அறுபதாயிரம் என்றேன். "ஐம்பதாயிரத்துக்கு மேல் போட்டால் இ-வே பில் கேட்பார்கள், பாண்டிச்சேரி வேறு மாநிலம், எல்லையில் நிறுத்துவார்கள். பழைய சாமான் என்று நாலாயிரம் போட்டுவிடுகிறேன்" என்றார். இ-வே பில் என்பது சரக்கோடு போக வேண்டிய மின்னணு வரி ஆவணம். உதவி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். வாடகை 2,400 ரூபாய்.

ஜூன் 13ஆம் தேதி புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வாசலில் இறக்கினார்கள். லாரியின் பின்கதவு விளிம்பில் பெட்டி ஒருபக்கம் சாய்ந்தபோது கீழே நின்ற இருவரில் ஒருவர் கையை எடுத்துவிட்டார். சத்தம் பெரிதாக இல்லை. ஈர மரம் பிளக்கும்போது வரும் மெல்லிய முனகல்தான் கேட்டது. அதற்குள் ஓட்டுநர் ரசீதை நீட்டினார். "பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற அச்சு வரியின்கீழ் நான் கையெழுத்துப் போட்டேன்.

உள்ளே கொண்டுபோய்ச் சாக்கைப் பிரித்தால் இடது பின்கால் பொருத்திலிருந்து கழன்றிருந்தது. மிதித்தேன். நடு ஸ்தாயி சட்ஜத்தை அழுத்தினால் சுருதி வராமல் காற்று மட்டும் உஸ்ஸென்று போயிற்று. ரீடுகள் உட்கார்ந்திருக்கும் காற்றறைப் பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். ஐந்து கட்டைகள் அழுத்தினால் எழவில்லை. பழுது பார்க்க 31,000 ரூபாய் ஆனது.

ஜனவரி 20, மாலை

கணக்கைத் தனியாகச் சொல்கிறேன். சட்டத்தின் 10ஆம் பிரிவு, போக்குவரத்தாளரின் பொறுப்புக்கு ஒரு வரம்பு வைக்கிறது. 2011ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த வரம்பு வாடகையைப் போல் பத்து மடங்கு. என் வாடகை 2,400, பத்து மடங்கு 24,000. உங்கள் பியானோவுக்குப் பெங்களூர் வரை 12,000 ரூபாய் வாடகை என்றால் 1,20,000 கிடைக்கும்.

ஜனவரி 22

நேற்று முன்தினம் மாலை எழுதியதைத் திருத்த வேண்டும். 'கிடைக்கும்' என்று எழுதியது தவறு. பத்து மடங்கு என்பது உச்ச வரம்புதான். நடந்த சேதத்தின் அளவைக் காட்டி, அந்த அளவுக்குத்தான் கேட்க முடியும். அதைவிட முக்கியமான இன்னொரு பகுதியையும் விட்டுவிட்டேன்: அந்தப் பத்து மடங்குத் தொகை, பதிவு செய்யும்போது நிரப்பும் அனுப்புகைப் படிவத்தில் நாம் எழுதிய மதிப்பைத் தாண்டக் கூடாது. எழுத்தர் போட்ட நாலாயிரம் என்னை அடித்தது இந்த இடத்தில்தான். சேதம் 31,000, வரம்பு 24,000, எழுதிய மதிப்பு 4,000. எனவே சட்டப்படி நான் கேட்கக்கூடியது 4,000க்கு மேல் இல்லை.

வரம்புக்கு மேல் பாதுகாப்பு வேண்டுமானால் வழி இருக்கிறது. கூடுதல் இடருக்கான கட்டணம் ஒன்றைப் போக்குவரத்தாளர் 11ஆம் பிரிவின்கீழ் நிர்ணயிக்கலாம். அதைத் தருவதாக நாம் எழுத்தில் ஒப்புக்கொண்டால் பத்து மடங்கு வரம்பு விலகிவிடும். லாரி ஆபீசில் அவர்களாக இதைச் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும், கேட்டு ரசீதிலும் எழுதி வாங்க வேண்டும்.

எழுத்தர் என்னை மிரட்டிய அந்த இ-வே பில் செய்தியும் தவறு. பயன்படுத்திய சொந்த வீட்டுச் சாமான்களுக்கு, மதிப்பு எவ்வளவு இருந்தாலும், இ-வே பில் தேவையில்லை. சரக்கு-சேவை வரி விதிகளின் 138ஆம் விதியின் இணைப்பிலேயே அந்த விலக்கு இருக்கிறது. "பயன்படுத்திய சொந்த வீட்டுப் பொருள், விற்பனைக்கு அன்று" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, முகவரிச் சான்றின் நகலையும் ஓட்டுநரிடம் கொடுத்தால் போதும். மதிப்பைக் குறைத்து எழுத ஒரு காரணமும் இல்லை.

ஜனவரி 25

கட்டும் முறை பற்றி மஞ்சக்குப்பம் அம்மா விரிவாகக் கேட்டிருக்கிறார். என் வாத்தியம் உடைந்த பிறகு, புதுச்சேரியில் பழைய வாத்தியங்களைச் சீர்படுத்தும் ஒரு பெரியவரின் பட்டறையில் ஏழெட்டு மாதம் போய் உட்கார்ந்திருந்தேன். அதன்பின் இரண்டு பியானோக்களை ஏற்றி இறக்கும்போது உடன் இருந்திருக்கிறேன். பெரும்பாலும் அங்கே கற்றதையே சொல்கிறேன்.

அப்ரைட் பியானோ 200 முதல் 300 கிலோ வரை இருக்கும். அந்தக் கனம் பெட்டி முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. உள்ளே இருக்கும் ஏறத்தாழ 230 தந்திகளின் மொத்த இழுவிசை 15 முதல் 20 டன் வரை போகும். அதைத் தாங்குவதற்காகப் பின்புறத்தில் வார்ப்பிரும்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. முன்னால் பார்ப்பவருக்கு மரப்பெட்டியாகத் தெரிவது, பின்னால் ஓர் இரும்புச் சுவர். அதனால்தான் அது முன்னால் விழுவதைவிடப் பின்னால் சாய்ந்து விழுவது அதிகம். தூக்கும்போது பலமான ஆட்கள் இருவர் பின்பக்கம் இருக்க வேண்டும். கைப்பிடிக்கு வாகாக இருக்கிறதென்று முன்கால்களைப் பிடித்துத் தூக்க விடாதீர்கள். அவை பெரும்பாலும் அழகுக்காக ஒட்டப்பட்டவை.

அடியில் இருக்கும் சிறு சக்கரங்கள் கூடத்துக்குள் ஒரு சாண் நகர்த்துவதற்கு உரியவை. தெருவில் அவற்றை உருட்டினால் சக்கரம் உடையும், இல்லையேல் அடிப்பலகை பிளக்கும். கனமான நான்கு சக்கரப் பலகை ஒன்றின்மீது ஏற்றித்தான் வாசல் வரை கொண்டுவர வேண்டும். திண்ணைப் படிகள் இருந்தால் சாய்வுப் பலகை வேண்டும். லாரிக்குள் வைத்த பிறகு, சக்கரங்கள் தரையைத் தொடாதபடி அடியில் மரக்கட்டைகளைக் கொடுத்து, எடை அந்தக் கட்டைகளில் இறங்குமாறு நிறுத்த வேண்டும்.

கட்டைகளின் மூடியைப் பூட்டிச் சாவியைத் தனியே எடுத்துவையுங்கள். பாலிஷ் மேல் ஒட்டுநாடா நேரடியாகப் படவே கூடாது. பழைய மெருகு நாடாவோடு உரிந்து வந்துவிடும், அதை மறுபடி ஏற்ற இன்று ஆள் கிடைப்பது அரிது. முதலில் கனமான கம்பளிகள் இரண்டு சுற்று, அதன்மேல் பிளாஸ்டிக் படலம், மூலைகளுக்கு அட்டை. படலத்தை ஏற்றுகிற அன்றுதான் சுற்ற வேண்டும். கடலூர்க் கடற்காற்றின் ஈரத்தை உள்ளே அடைத்து இரண்டு நாள் வைத்தால் பழைய வச்சிரப் பசை இளகத் தொடங்கும்.

லாரிக்குள் எங்கே நிறுத்துவது என்பதையும் அவர்கள் விருப்பத்துக்கு விடாதீர்கள். ஓட்டுநர் அறைக்கு அடுத்த முன்சுவரை ஒட்டி நிற்கட்டும். பின்கதவுப் பக்கம் ஒவ்வொரு வேகத்தடைக்கும் தூக்கிப் போடும். நெஞ்சு உயரத்தில் ஒரு கட்டு, முழங்கால் உயரத்தில் ஒரு கட்டு, இரண்டும் லாரியின் பக்கச் சட்டத்தில் முடிய வேண்டும். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் போகும் வண்டியானால் இதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

போய்ச் சேர்ந்ததும் சுருதி சேர்ப்பவரை அழைக்க வேண்டாம். பெங்களூரின் உலர்ந்த காற்றுக்கு மரம் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும்.

ஜனவரி 26

தந்திகளைத் தளர்த்த வேண்டுமா என்று ஒருவர் கேட்கிறார். பியானோவில் கூடாது. அத்தனை டன் இழுவிசைக்குப் பழகிய சட்டமும் பலகையும் திடீரென விடுபட்டால் அதுவே சேதம்.

ஜனவரி 29

3 விழுக்காடு இன்சூரன்ஸ் பற்றி. பணத்தை வாங்கிக்கொண்டு பில்லில் ஒரு வரி சேர்ப்பது காப்பீடு ஆகாது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பெயரும், பாலிசி எண்ணும், உங்கள் பெயரும், பொருளின் விவரமும், தொகையும் உள்ள சான்றிதழ் வண்டி புறப்படுமுன் கைக்கு வர வேண்டும். அது வராவிட்டால் நீங்கள் கொடுத்தது அந்தக் கம்பெனியின் வாய்வார்த்தைக்குத்தான்.

சான்றிதழ் வந்தாலும் எந்த வகை என்று பாருங்கள். உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீட்டில் ஏ, பி, சி என்று மூன்று வகை விதிக்கூறுகள் உண்டு. சி என்பது தீயும் இடியும் மட்டும். பி-யில் வண்டி மோதுவதும் கவிழ்வதும் சேரும். இறக்கும்போது கை நழுவுவது ஏ வகையில்தான் வரும். நான் பார்த்த வரையில் பழைய வாத்தியங்கள் நெடுஞ்சாலையில் உடைவதைவிட வாசற்படியில் உடைவதே அதிகம், ஆகவே ஏ வகை இல்லாத பாலிசியை நான் வாங்க மாட்டேன். அதிலும் போதாத கட்டுமானம், பொருளின் இயல்பிலேயே இருக்கும் குறை, காலத்தேய்வு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஒலிப்பலகையில் ஏற்கெனவே விரிசல் இருந்ததென்று சர்வேயர், அதாவது சேதத்தை மதிப்பிட வருபவர், எழுதிவிட்டால் கதை முடிந்தது.

எனவே முன்சான்று வேண்டும். பியானோவைத் திறந்து, இரும்புச் சட்டத்தில் இருக்கும் வரிசை எண்ணைப் படமெடுங்கள். 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக வாசித்து, அன்றைய செய்தித்தாள் தெரியும்படி காணொளி எடுங்கள். வாத்தியம் அறிந்த ஒருவரிடம் நிலையும் மதிப்பும் குறித்துக் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். வாங்கிய பில் இல்லாத பழம்பொருளுக்கு இந்தக் கடிதமே ஆதாரம். முடிந்தால் 'ஒப்புக்கொண்ட மதிப்பு', அதாவது இருதரப்பும் முன்பே ஏற்ற தொகை, என்ற அடிப்படையில் பாலிசி கேளுங்கள். இரண்டு லட்சம் பெறும் பொருளை ஒரு லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், ஐம்பதாயிரம் சேதத்துக்கு இருபத்தைந்தாயிரம்தான் தருவார்கள்.

பிப்ரவரி 2

ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். நவம்பர் 26 அன்று பதிவு செய்த பழைய மேடை ஆர்மோனியம் ஒன்றும் மிருதங்கங்கள் இரண்டும், நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, கம்பெனியின் கோடவுனில் தண்ணீரில் ஊறிப்போயினவாம். 'இயற்கைச் சீற்றம், எங்களுக்குப் பொறுப்பில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்.

17ஆம் பிரிவில் அந்த விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அதே பிரிவின் கடைசி வரியையும் படிக்க வேண்டும்: உரிய கவனத்தோடு இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சேதத்துக்கு அந்த விலக்கு உதவாது. புயல் வரப்போகிறது என்று வானிலை ஆய்வு மையம் நாள்கணக்கில் முன்பே சொல்லிக்கொண்டிருந்தது. தானே புயலை 2011 டிசம்பரில் கண்ட ஊர்கள் இவை. பெட்டிகளைத் தரையிலிருந்து நான்கடி உயரத்துக்கு ஏற்றியிருந்தார்களா, மேல்தளம் இருந்ததா, மற்றவர் சரக்கை நகர்த்தினார்களா என்பவற்றைக் கேட்டு எழுதுங்கள். உங்கள் வழக்கு வலுவானது என்றே நினைக்கிறேன். நோட்டீஸ் மட்டும் மே 25ஆம் தேதிக்குள் அவர்கள் கையில் சேர்ந்துவிட வேண்டும். ஏன் இந்தத் தேதி என்பதைத் தனியே எழுதுகிறேன்.

பிப்ரவரி 3

ஜனவரி 20 குறிப்பில் நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. நாலாயிரம் ரூபாய்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

16ஆம் பிரிவின்படி, வழக்கோ வேறு நடவடிக்கையோ தொடங்குமுன் எழுத்து மூலம் அறிவிப்பு அவர்களிடம் சேர்ந்திருக்க வேண்டும், அதுவும் சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள். நான் பொருள் வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணினேன். அந்த ஆறு மாதமும் கிளை மேலாளர் தொலைபேசியில் இனிமையாகத்தான் பேசினார். "ஹெட் ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறோம் சார்", "அடுத்த வாரம் முடிந்துவிடும் சார்" என்பார். பொங்கிவரும் பாலை ஊதி ஊதி அடக்குவதுபோல் என்னை அடக்கி வைத்திருந்தார் என்பது இப்போது தெரிகிறது. டிசம்பர் 7 அன்று பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். ஜூன் 8இலிருந்து எண்ணினால் டிசம்பர் 5உடன் 180 நாள் முடிந்துவிட்டது. வழக்கறிஞர் ஒருவர் ரசீதையும் தபால் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனாவால் இரண்டு தேதிகளையும் வட்டமிட்டுக் காட்டினார். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சேதத்தைக் கண்ட அன்றே எழுதுங்கள். பேச்சுவார்த்தை ஒருபக்கம் நடக்கட்டும், பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் அன்றே போகட்டும். பாலிசி இருந்தாலும் இதைச் செய்ய வேண்டும். காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் உரிமையின்வழி லாரிக் கம்பெனியிடம் வசூலிக்கப் பார்க்கும். அந்த உரிமையை நீங்கள் காலம் கடத்திக் கெடுத்திருந்தால் உங்கள் தொகையில் கைவைப்பார்கள்.

பிப்ரவரி 8

'குட்டியானை' வண்டி ஒன்றை ஸ்டாண்டில் பேசி அமர்த்தினால் இந்தச் சட்டம் பொருந்துமா என்ற கேள்விக்கு: யார் சரக்கு கொடுத்தாலும் ரசீது போட்டு ஏற்றிச்செல்வதைத் தொழிலாக நடத்துபவரைத்தான் இந்தச் சட்டம் பிடிக்கிறது. அவர் பதிவுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்; எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒருவர் தம் சொந்த வண்டியை ஒரு நடைக்கு உங்களுக்கு மட்டும் ஓட்டினால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவுதான் பெரும்பாலும் துணை: தம் பொருளை ஒரு விவேகமுள்ளவர் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் அவரிடம் எதிர்பார்க்கலாம். வரம்புத் தொல்லை இல்லை, ஆனால் பணம் வாங்குவது அந்த ஓட்டுநரின் வசதியைப் பொறுத்தது. புதுச்சேரியிலிருந்து கடலூர் போன்ற சிறு தூரத்துக்கு நான் குட்டியானையைத்தான் அமர்த்துவேன், நானும் கூடவே போவேன்.

ரயில் பார்சலில் மதிப்பைத் தனியே அறிவித்து அதற்கான விழுக்காட்டுக் கட்டணம் கட்டாவிட்டால் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய்தான். 250 கிலோ பியானோவுக்கு 12,500. ஆறு மாதத்துக்குள் உரிமைகோரல் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 14

பிரான்சில் குடியிருக்கும் மகனுக்கு அப்பாவின் பியானோவை அனுப்ப விரும்பும் புதுச்சேரிக் குடும்பம் ஒன்று கேட்டிருக்கிறது. இங்கே இது அடிக்கடி வரும் கேள்விதான்.

கப்பலில் அனுப்பினால் பொறுப்பின் வரம்பு ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இரண்டில் எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ஒன்றின் மதிப்பு 2025 தொடக்கத்தில் நூற்றுப் பத்து ரூபாய்க்குச் சற்று மேல் இருந்தது. 250 கிலோவுக்கு எடைக்கணக்கு 500தான் வரும், ஆகவே பொதிக்கணக்கே பொருந்தும்: அந்த மதிப்பில் முக்கால் லட்சம் ரூபாயை ஒட்டி நின்றது. வெளியே தெரியாத சேதத்தை மூன்று நாளுக்குள் எழுதித் தர வேண்டும், வழக்கு ஓராண்டுக்குள். விமானத்தில் வரம்பு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர்., 2024 டிசம்பர் 28இலிருந்துதான் இந்த உயர்வு; அதற்கு முன் 22. புகாருக்கு 14 நாள்.

ஆனால் வரம்புக்கு முன்பே பார்க்க வேண்டியவை இரண்டு. வெள்ளைக் கட்டைகளின் மேல்தகடு யானைத் தந்தமா என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டையிலும் அகன்ற பகுதியும் ஒடுங்கிய பகுதியும் சேரும் இடத்தில் மயிரிழைபோல் ஓர் இணைப்புக்கோடு இருந்து, தகட்டில் மரத்தின் ரேகைபோல் மெல்லிய வரிகளும் ஓடினால் பெரும்பாலும் தந்தம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு சைட்டிஸ் உடன்படிக்கையும் அதை நாடு கடத்த விடாது. அடுத்தது, நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரலாம், தனியார் அதை வெளிநாடு அனுப்ப முடியாது. 1920களில் செய்யப்பட்ட பியானோக்கள் இப்போது அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அன்று' என்ற சான்று கேட்டுப் பெற்ற பிறகு பெட்டி அடிக்கச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 15

வீணைக்கும் இதே முறைதானா என்று கேட்டவருக்கு: இல்லை. வீணையில் தந்திகளை ஓரளவு தளர்த்தலாம், தளர்த்த வேண்டும். விரலால் தந்தியை அழுத்தும் இடங்களான அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பவை. சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் அந்த மெழுகு இளகினால் மெட்டுகள் நகர்ந்துவிடும், வெளியே ஒரு கீறலும் இருக்காது. அந்தச் சேதத்தை எந்தச் சர்வேயரிடமும் விளக்கிப் புரியவைக்க முடியாது. இரவு வண்டியில், மடியோடு வைத்துக்கொண்டு போவதே என் யோசனை.

பிப்ரவரி 23

கம்பெனியின் தலைமையகம் தொலைவில் இருக்கிறதே, வழக்குக்கு அங்கே அலைய வேண்டுமா என்று இருவர் கேட்டார்கள். வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 34ஆம் பிரிவில், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்ய இடம் தருகிறது. கடலூரில் இருப்பவர் கடலூர் மாவட்ட ஆணையத்திலும், நாங்கள் புதுச்சேரியிலும் போடலாம். செலுத்திய கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. காலக்கெடு இரண்டாண்டு. இந்த இரண்டாண்டைப் பார்த்து 180 நாளை மறந்துவிடாதீர்கள். இது மனுவுக்கு, அது நோட்டீசுக்கு.

மார்ச் 9

மஞ்சக்குப்பம் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. மார்ச் 3 அன்று பதிவு செய்தார். மதிப்பு 1,80,000 என்று எழுதச் சொல்லி, எழுத்தர் மறுத்தபோது எழுந்து வந்துவிட்டாராம். வேறொரு கம்பெனி கூடுதல் இடர்க் கட்டணத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறது. ஏ வகைப் பாலிசியும் எடுத்தார். பெங்களூரில் மகள் வீட்டு வாசலில் மார்ச் 5 மாலை இறக்கியபோது, வலப்பக்கப் பின்மூலை கம்பளியோடு சேர்ந்து நசுங்கியிருந்தது. ஓட்டுநர் அவசரப்படுத்தியிருக்கிறார். கட்டைப் பிரிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மகள் நின்றுவிட்டார். மூலைப்பலகையில் ஒரு விரல் அகலம் பெயர்ந்திருந்தது, சக்கரம் ஒன்று உடைந்திருந்தது. 88 கட்டைகளையும் வாசித்துப் பார்த்தார்கள், எல்லாம் பேசின.

நோட்டீஸ் மறுநாளே போய்விட்டதாம், ஆகஸ்ட் 30 வரை காத்திருக்கவில்லை. 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற அச்சு வரியை அடித்துவிட்டு மகள் ரசீதில் எழுதியதை அம்மா படமெடுத்து அனுப்பியிருக்கிறார். ஓட்டுநரின் கையெழுத்தும் அதன்கீழே இருக்கிறது:

"மாலை 5.40. கட்டுப் பிரித்துப் பார்க்கப்பட்டது. வலது பின்மூலைப் பலகை பெயர்ந்துள்ளது. பின்சக்கரம் ஒன்று உடைந்துள்ளது. உட்பாகம் வல்லுநர் பார்த்த பிறகே தெரியும். இவற்றுக்கு உட்பட்டே பெற்றுக்கொள்கிறேன்."